முதல் சீட்டோடு வருகிறவர்களுக்கு நர்சம்மா சொல்வது

பூம்புகார்ப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, "வாயில போடுறியா, பரண்ல போடுறியா?" என்று அதட்டினவள். அப்படிப்பட்டவளுக்கே ஒரு நாள் பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார்கள். இப்போது பிள்ளைகள் முதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நர்சம்மா, இதைப் போடலாமா?" என்று என் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதை எழுதி வைக்கிறேன்.

1. வந்திருப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். முகாமில் ஓடி ஓடி வேலை பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வருஷம் கழித்து, சீர்காழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது, மூச்சு பாதியில் நின்றது. மாரடைப்பு என்றே நினைத்தேன். ஈசிஜி நன்றாக இருந்தது. தைராய்டு, ரத்தசோகை எதுவும் இல்லை. "கடல் கொண்ட ஊர்க்காரிக்குப் பயம் இருக்காதா?" என்று மணிமேகலைக் கதையை என் கணக்கில் எழுதினார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அலையைக் கண்டு ஓடினால் அது பயம். அலையே இல்லாத பஸ்ஸில் வந்தது நோய். நோய்க்கு மருந்து உண்டு.

2. கோயிலுக்குப் போ, மாத்திரையையும் போடு. திருவெண்காடு புதன் தலம் என்று அம்மா என்னைக் கூட்டிப் போய் மூன்று குளத்திலும் முழுக வைத்தாள். மனசு லேசானது நிஜம். மறுவாரம் பஸ்ஸில் மறுபடி நெஞ்சு அடித்ததும் நிஜம். சாமி கோபித்துக்கொள்ளாது, மாத்திரையை விட்டால் உடம்புதான் கோபித்துக்கொள்ளும்.

3. 'நரம்பு மாத்திரை' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பேர் வைக்காதே. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் ஒரு வகை. தினமும் போட வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். குளோனசெபாம், அல்பிரசோலம் இன்னொரு வகை. சீக்கிரமே அடக்கும், சீக்கிரமே பழக்கமும் ஆகிவிடும். அதனால் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதுவார்கள். எனக்கு முதல் வகை தினம் ஒன்று, இரண்டாவது ராத்திரிக்கு இரண்டு வாரம் மட்டும். உன் சீட்டில் எது எந்த வகை, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் கேட்டு, அட்டையின் பின்னால் பேனாவால் எழுதி வை.

4. முதல் இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொள். எனக்குக் குமட்டியது, மீன் குழம்பு கொதிக்கிற வாசனைக்கே வாசலுக்கு ஓடினேன். பதற்றம்கூட முதலில் ஒரு சுற்று ஏறித்தான் இறங்கியது. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டதில் குமட்டல் அடங்கியது. ஆனால் ஒன்றை மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்காதே: செத்துப்போகலாம் என்ற நினைப்பு. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆரம்ப நாட்களில் இதில் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கே மருத்துவரிடம் போ. நடுராத்திரியானால் 14416 எண்ணில் டெலி மானஸைக் கூப்பிடு. 2022இல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம்.

5. நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தாதே. நான் ஐந்தாம் மாசம் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்றது. தடுப்பூசி நாள் அது. மருந்தை ஊசியில் இழுக்கும்போது கை நடுங்கியது. மடியில் குழந்தையை வைத்திருந்த தாய் குழந்தையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தாள். ஊசியை இன்னொரு செவிலியரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். குணம் தெரிந்த பிறகும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். மறுபடி மாத்திரையைத் தொடங்கி, கடைசியில் மருத்துவர் சொன்னபடி பிளேடால் பாதியாக வெட்டி வாரக்கணக்கில் குறைத்தேன். அப்போது ஒரு சுரீரும் இல்லை.

6. உன் மாத்திரை உனக்கு மட்டும். "தூக்கமே இல்லக்கா, ஒண்ணு குடு" என்று கேட்டவளுக்கு என் ராத்திரி மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் உலை வைத்துவிட்டுச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். சோறு கருகிப் புகை வந்த பிறகுதான் கதவைத் தட்டி எழுப்பினார்கள். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் செய்த காரியம் இது. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவற்றை விற்றால் மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. சீட்டில்லாமல் கொடுக்கிற கடையை நல்ல கடை என்று நினைக்காதே.

7. கடலுக்குப் போகிற தம்பிகளுக்கு: குடியும் குளோனசெபாமும் சேரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். தூக்கக் கலக்கத்தோடு படகு விளிம்பில் நின்று வலை இழுக்காதே. எந்த நேரம் தொழிலுக்குப் போவாய் என்று மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ப மாத்திரை நேரத்தை மாற்றுவார்.

8. வெட்கத்தை விட்டுக் கேள். தாம்பத்திய ஆசை குறையலாம். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. பிள்ளை உண்டானால் பயந்துபோய் நிறுத்தாதே, உடனே போய்ச் சொல். நான் வெட்கப்பட்டு மாத்திரை அட்டையை உளுந்து டப்பாவில் ஒளித்து வைத்தேன். மருமகள் இட்லிக்கு ஊறப்போடும்போது அதுவும் தண்ணீரில் விழுந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைத் துடைத்து, மாமனாரின் சர்க்கரை மாத்திரை இருக்கிற தட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அதுதான் அதன் இடம்.

9. மாத்திரை உன்னைத் தூக்கி பஸ்ஸில் உட்கார வைக்காது. நெஞ்சடிப்பைத் தணிக்கும், படியில் கால் வைப்பது உன் வேலை. நான் முதல் வாரம் பூம்புகாரில் ஏறித் திருவெண்காட்டிலேயே இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். கண்டக்டர், "சீர்காழி போகலையா நர்சம்மா?" என்றார். "அடுத்த வாரம்" என்றேன். மூன்று வாரம் அதையே சொன்னேன். நாலாவது வாரம் அவர் கேட்காமலே சீர்காழிக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இறங்கவில்லை.