டாக்டரைக் கேளுங்கள்: உருண்டையும் ஒன்றரை மணி நேரமும்

கேள்வி: ஹோமியோபதி மருந்து சாப்பிடும்போது காபி குடிக்கக் கூடாதாமே?
– வாசகர், கரூர்

பதில்: புட்டியில் 30சி என்று இருந்தால், நூறில் ஒரு பங்காக முப்பது தடவை கரைத்தது என்று அர்த்தம். பன்னிரண்டு தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. காபி எதைக் கெடுக்கப்போகிறது? குடியுங்கள்.

கேள்வி: ஏழு வருடமாக எனக்கு ரூமட்டாய்டு முடக்குவாதம். ஹோமியோபதி டாக்டர் ஒன்றரை மணி நேரம் விசாரித்தார்; எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன் என்பதுவரை கேட்டார். மூன்று மாதத்தில் வலி பாதியாகிவிட்டது. நன்றாகத் தூங்குகிறேன். என் மகனோ, ‘அது வெறும் சர்க்கரை உருண்டை’ என்று கேலி செய்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு பேரும்தான் அம்மா. இங்கிலாந்தில் உங்களைப் போன்ற 83 முடக்குவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான மருந்து எல்லோருக்கும் தொடர்ந்தது. சிலருக்கு நீண்ட விசாரணையும் உருண்டையும். சிலருக்கு விசாரணையே இல்லாமல் உருண்டை மட்டும். இரு பக்கமும் சிலருக்கு மருந்து சேர்க்காத போலி உருண்டை. உட்கார்ந்து பேசியவர்கள் தேறினார்கள். உருண்டை அசலா போலியா என்பதால் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதைப் படித்து வெட்கப்பட வேண்டியது என்னைப் போன்ற ஆங்கில மருத்துவர்கள். 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனில் டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடுவது சுமார் 22 நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத்தான் நேரமிருக்கும். என் அறையிலும் அதே கதைதான். நோயாளி உட்காருமுன் சீட்டில் பாதி எழுதி முடித்திருப்பேன். பிறகு அவர் வேறு வைத்தியம் தேடிப் போனால் ‘மூடநம்பிக்கை’ என்று கோபப்படுவேன்!

ஆனால் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று எனக்கு உறுத்துகிறது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்திவிட்டீர்களா? வலி, தூக்கம், மனச்சோர்வு இவற்றைத்தான் ஆய்வுகளில் தரும் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாள்கள் கேட்கும். மூட்டுக்குள் எலும்பு அரிபடுகிறதா என்று அவை கேட்பதில்லை. வலி தணிந்திருக்கும்போதும் எலும்பு அரிபடலாம். மூட்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். உங்கள் வலியைப் பற்றி அவன் உட்கார்ந்து கேட்டு எத்தனை நாளாயிற்று?

கேள்வி: பிரிஸ்டல் ஹோமியோபதி மருத்துவமனையில் 6,500-க்கும் மேற்பட்டவர்களில் 70 சதவீதம் பேர் குணம் தெரிந்ததாகச் சொன்னார்களே, அது நிரூபணமில்லையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2005-இல் வந்த கணக்கு. பொய்யில்லை. ஆனால் கேட்டது, மறுபடி மறுபடி அங்கே வந்தவர்களிடம். தாம்பூலப் பையோடு மண்டபத்தைவிட்டு வருகிறவரிடம் ‘விருந்து எப்படி?’ என்றால் என்ன சொல்வார்? பந்தியில் பாதியில் எழுந்து போனவர் கணக்கில் இல்லை. உருண்டை சாப்பிடாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடவுமில்லை. வலி உச்சத்திலிருக்கும்போதுதான் நாம் வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான்.

கேள்வி: என் பத்து வயது மகனுக்கு டைப்-1 சர்க்கரை. ஹோமியோபதியில் சேர்த்துவிட்டு இன்சுலினை நிறுத்தலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: கூடாது. ஒரு வேளைகூடக் கூடாது. உங்கள் கடிதத்தில் எண் இருந்ததால் அன்றே போனில் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது, எண் எழுதாமல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற பெற்றோருக்காக.

கேள்வி: உருண்டை ஆரம்பித்ததும் கரப்பான் அதிகமாகிவிட்டது. ‘முதலில் கூடும், பிறகு குறையும், மருந்து வேலை செய்கிறது’ என்கிறார் டாக்டர். பொறுக்கட்டுமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: கூடினாலும் வேலை செய்கிறது, குறைந்தாலும் வேலை செய்கிறது என்றால், வேலை செய்யவில்லை என்பது எப்போது தெரியும் என்று அவரிடமே கேளுங்கள். பதில் வருவதற்குள் தோல் டாக்டரிடம் ஒரு டோக்கன் போட்டுவிடுங்கள்.