ஆங்கில நோட்டில் விழுந்த சிவப்புக் கோடு சரிதானா?

பிள்ளை சரியாக எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டதாகத் தோன்றினால், விடையைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள், கேள்வியைப் படியுங்கள். பெற்றோர் சறுக்குவது இங்கேதான். 'ஆஃப்டர்' வரும் வாக்கியத்தில் முதலில் நடந்ததைச் சாதாரண இறந்தகாலத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் பிழையில்லை. எது முந்தி, எது பிந்தி என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. ஆனால் அன்றைய பாடம் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' என்றால், 'ஹேட்' போட்டு எழுத வருகிறதா என்பதுதான் சோதனை. வாக்கியம் சரி, விடை தப்பு. அங்கே நியாயம் ஆசிரியர் பக்கம். பயிற்சிக்கு மேலுள்ள குறிப்பையும், போர்டைப் பார்த்து எழுதிவந்த உதாரணத்தையும் பார்க்காமல் பேனாவைத் தொடவே கூடாது.

கேட்டதைக் கேட்டபடி எழுதியும் தப்பு விழுந்திருந்தால் மட்டும் ஆதாரம் தேடுங்கள். 'ரியலைஸ்' என்பதை இசட் போட்டு எழுதினால் அமெரிக்க முறை என்று அடிப்பதுண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளோ இசட் வடிவத்தைத்தான் முதலில் தருகின்றன. 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே வேறு சொல் நுழையக்கூடாது என்பார்கள். பொருள் குழம்புவதைவிட அப்படிப் பிரிப்பதே மேல் என்று ஆங்கில வழக்கு நூலாசிரியர் ஃபவுலர் 1926-லேயே எழுதிவிட்டார். வகுப்பு முழுக்க ஒரே எழுத்துமுறை இருக்கட்டும் என்று ஆசிரியர் சொன்னால் ஏற்கலாம். அது வகுப்பின் வழக்கம்; அதை மீறுவது மொழிப்பிழை ஆகாது. இணையத்தில் தேடி எடுத்த துணுக்கைக் காட்டாதீர்கள், அகராதிப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பிறகு டைரியில் இரண்டே வரி: "மிஸ், இந்த வாக்கியத்தில் எதை மாற்ற வேண்டும்? அகராதியில் இப்படி இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்." மார்க் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோட்டைப் படமெடுத்துப் போடுவது பெரிய தப்பு. அத்தனை பெற்றோர் முன்னால் எந்த ஆசிரியராலும் மனம் மாற முடியாது. பிள்ளையை வாதாட அனுப்புவதும் அதே வகை.

வீட்டுப்பாட மார்க்குக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். மார்க் போனால் போகட்டும்; சரியான வடிவத்தைத் தப்பென்று நம்பி பிள்ளை அதை எழுதுவதையே விட்டுவிடுகிறதே, அதற்காகத்தான் இந்தப் பாடு. ஆசிரியர் பிள்ளைமேல் கோபத்தைக் காட்டுவார் என்ற பயமும் வீணல்ல. அதனால்தான் தனியாக, புகாராக இல்லாமல் கேள்வியாகக் கேட்கச் சொல்கிறேன். அப்படியும் அவர் மாறவில்லையா, அந்த வகுப்பு முடியும்வரை அவர் சொன்னபடியே எழுதட்டும். இரண்டும் சரி என்பதை வீட்டில் ஆசிரியரைக் குறைசொல்லாமல் விளக்குங்கள். அதே திருத்தம் பரீட்சைத் தாளிலும் மார்க்கைக் குறைத்தால் மட்டுமே தலைமையாசிரியரிடம் போங்கள்.