நார்மல் என்று அச்சடித்தால் நார்மலா?

பி.டி.எச். எனப்படும் பாராதைராய்டு ஹார்மோன் ரிப்போர்ட்டில் 15-க்கும் 65-க்கும் இடையே இருந்தால் சுரப்பி நலம், தாண்டினால் நோய் என்பது பரவலான நம்பிக்கை. இதைத் தைராய்டு டெஸ்டின் இன்னொரு பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. கழுத்தில் ஒட்டி இருப்பதைத் தவிர, இரண்டு சுரப்பிகளின் வேலையும் வேறு வேறு. ரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினாலும், அரிசி மணி அளவுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் ஹார்மோனைக் கூட்டிவிடும். எலும்பிலிருந்து கால்சியம் வெளிவரும், சிறுநீரில் போவது குறையும். கால்சியம் ஏறினாலோ சுரப்பு அடங்க வேண்டும். ஆகவே கால்சியம் டெசிலிட்டருக்கு 11.4 மில்லிகிராமாக ஏறிய ஒருவருக்கு பி.டி.எச். 52 என்று வந்தால், அந்த 52 நார்மல் இல்லை. அடங்கியிருக்க வேண்டியது அடங்கவில்லை. சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டிய நிலை அது. மாறாக, வைட்டமின் டி குறைந்து கால்சியம் போதாதவருக்கு 90 வந்தால், சுரப்பி தன் கடமையைத்தான் செய்கிறது.

அப்படியானால் எல்லை என்று ஒன்றை ஏன் அச்சடிக்கிறார்கள்? கால்சியம் சரியாக உள்ள ஆரோக்கியமானவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. கால்சியம் மாறியவரை அதே கோலால் அளக்க முடியாது. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி போடும் கம்ப்யூட்டர், மேல் வரியில் உள்ள கால்சியத்தைப் பார்ப்பதில்லை.

எந்த லேபில் கொடுத்தாலும் ஒரே எண் வர வேண்டும் என்பது இதோடு ஒட்டிய நம்பிக்கை. எண் மாறினால் லேபின் மேல் பழி விழுகிறது. காரணம் பெரும்பாலும் ஹார்மோனிலேயே இருக்கிறது. 84 அமினோ அமிலங்கள் கொண்ட முழு ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். உடைந்த துண்டுகள் அதைவிட நீண்ட நேரம் சுற்றும். அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்சனும் யாலோவும் 1963-இல் இந்த ஹார்மோனை எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறையை வெளியிட்டார்கள்; ஒரே ரத்தத்தில் வெவ்வேறு எதிர்ப்பொருள்கள் வெவ்வேறு அளவு காட்டுவதை 1968-இல் அவர்களே எடுத்துச் சொன்னார்கள். இரண்டு முனையையும் பிடிக்கும் இரட்டை எதிர்ப்பொருள் முறை 1987-இல் வந்தும், முன்முனை சற்றே அறுபட்ட நீண்ட துண்டுகள் அதிலும் சேர்ந்துவிடுகின்றன. சிறுநீரகம் பழுதானவர்களிடம் அவை தேங்கிவிடும். அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 2009-இல் வந்த, கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வழிகாட்டி ஒரே எண்ணைச் சொல்லாமல், அந்தந்தப் பரிசோதனைக் கிட்டின் மேல் எல்லையைப் போல 2 முதல் 9 மடங்கு என்றது.

சாம்பிள் எடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. “ஒரே டெஸ்டுக்கு ரெண்டு குழாயா?” என்று சலித்துக்கொள்வார்கள். ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ., பி.டி.எச்.சைச் சீரத்தில் இருப்பதைவிட அதிக நேரம் சிதையாமல் காக்கும். ஆனால் அதே ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தக் குழாயில் கால்சியத்தை அளக்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க இரண்டு குழாய் வேண்டும். முடி கொட்டுவதற்காகப் போடும் பயோட்டின் மாத்திரையையும் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள். சில கிட்டுகளில் அது பி.டி.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். கால்சியம் ஏறி பி.டி.எச். குறைந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் மருத்துவர் சுரப்பியை விட்டுவிட்டு, உடம்பில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிடக்கூடும்.