சம்பளம் கட்டினால் மட்டும் போதுமா?

ஏழை வீட்டுப் பெண் பிள்ளையொன்று படிப்பை நிறுத்திவிட்டதென்று கேள்விப்பட்டால், “தகப்பனாருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை” என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி? முன்னாளில் ரொடீஷியா எனப்பட்ட ஜிம்பாப்வே நாட்டில் நடந்ததை நாம் கவனித்தால் விளங்கும்.

1991-ல் ஆன் காட்டன் என்னும் மாது அந்நாட்டிலுள்ள மோலா என்ற கிராமத்துக்குச் சென்றார். பெண்கள் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று ஆராய்வதே நோக்கம். பழைய சம்பிரதாயமே காரணமென்று எண்ணிப் போனவர் கண்டதோ வேறு. பெண்ணையும் படிக்க வைக்கப் பெற்றோருக்கு ஆசைதான், பணம் இல்லை. ஒரு பிள்ளைக்குத்தான் சம்பளம் கட்ட முடியுமென்றால், நாளை உத்தியோகம் கிடைக்கக்கூடிய பையனுக்கே கட்டினார்கள். கையில் முதல் குறைந்த கடைக்காரர், ஓடுகிற சரக்கை மட்டும் வாங்கிப் போடுகிற கணக்குத்தான் இது. அவ்வூர்ப் பள்ளியில் சம்பளம் குறைவென்று கேட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நடந்து வந்து, குடிசையில் தங்கிப் படித்த அக்காள் தங்கை இருவரையும் அவர் அங்கே கண்டார்.

ஊர் திரும்பியவர் கேம்பிரிட்ஜ் நகரில் கேக் சுட்டு விற்றுப் பணம் சேர்த்தார். 1993-ல் 32 பெண்களுக்குப் பள்ளிச் செலவு கிடைத்தது. கேம்ஃபெட் என்னும் ஸ்தாபனம் பிறந்தது இப்படித்தான்.

ஆனால் சம்பளம் கட்டியதும் பிள்ளை பள்ளியில் நிலைத்துவிடுவதில்லை. பள்ளி தூரம், தாயார் நோயாளி, தம்பி தங்கைகளைப் பார்க்க ஆளில்லை, மாதத்தில் சில நாட்கள் வகுப்புக்கு வர வெட்கம், இதற்கிடையே கல்யாணப் பேச்சு. இவற்றையெல்லாம் தலைமையாசிரியரிடம் எந்தப் பிள்ளை சொல்லும்? அக்காளைப் போன்ற ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்லும்.

உதவி பெற்றுப் படித்து முடித்த பெண்கள் 1998-ல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 2013 முதல் அவர்களிற் சிலர் பயிற்சி பெற்று, தம் ஊர்ப் பள்ளிக்கே சென்று இளைய பெண்களுக்கு வழிகாட்டி வருகிறார்கள். தைரியம், உடல்நலம், படிக்கும் முறை இவைதாம் பாடம். ஒரு பெண் வகுப்புக்கு வரவில்லையா, வீடு தேடிப் போய்த் தாயாரிடம் பேசுவதும் இவர்களே. இவர்களும் அதே வறுமையில் வளர்ந்தவர்கள். “எங்கள் கஷ்டம் உனக்கென்ன தெரியும்?” என்று யாரும் கேட்க முடியாது!

கூலியில்லா ஊழியம் எத்தனை நாள் நடக்கும் என்று நம் வர்த்தகச் சகோதரர்கள் கேட்கலாம், கேட்பது நியாயமே. இவ்வூழியம் செய்யும் பெண், சிறு தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் பெற வழி வைத்திருக்கிறார்கள். வட்டிக்குப் பதிலாக அவள் கொடுப்பது தன் நேரத்தை. நாம் கர்ழன் ஹஸனா என்று சொல்வதற்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார்கள்! (கடனோடு ஊழியத்தைச் சேர்க்கலாமா என்ற மஸ்அலாவை ஆலிம்களிடம் விடுவோம். அந்த ஊழியத்தின் பலன் பிள்ளைகளுக்குத்தான்.)

தொடக்க காலத்தில் உதவி பெற்ற பெண்களில் ஒருவரான ஆஞ்சலின் முரிமிர்வா, பின்னாளில் அந்த ஸ்தாபனத்துக்கே தலைமை நிர்வாகியானார்.

நம் சங்கங்கள் பலவும் பள்ளி திறக்குமுன் புத்தகம், உடுப்பு, ரொக்கம் கொடுத்து வருகின்றன. அந்தப் பேரேட்டைப் புரட்டினால், முன் வருடங்களில் உதவி பெற்று ஐந்தாம் படிவம் தேறிய பெண்களின் பெயர்கள் கிடைக்கும். அவர்களைப் பெற்றோர் சம்மதத்துடன் அழைத்து, ஒருவருக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாக ஒப்படைக்கலாம். கமிட்டியிலுள்ள ஆண்கள் ஒரு வீட்டில் கேட்க முடியாததை அவர்கள் கேட்டறிவார்கள். போக வர ஆகும் பஸ் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும்.