டில்லி – டோக்கியோ: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இரு நகரங்களுக்கிடையே உள்ள வான்வழித் தொலைவு எவ்வளவு என்ற வினா எளிதாகத் தோன்றும். ஆனால் எரிபொருள், சரக்கின் எடை, விமானிகளின் பணிநேரம் ஆகியவற்றைத் திட்டமிடுவோருக்குத் தொலைவைக் குறிக்கும் எண் மட்டும் போதாது. டில்லியையும் டோக்கியோவையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்கலாம்.

பெருவட்டப் பாதை

பூமி உருண்டை வடிவினது. அதன் பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். இக்கணக்கின்படி டில்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையேயுள்ள தொலைவு சுமார் 5,840 கிலோமீட்டர். தேசப்படத்தில் நேர்கோடாகத் தோன்றும் வழி இதைவிடச் சுமார் 100 கிலோமீட்டர் நீளமானது.

எனினும், இக்குறுகிய வழி இமயத்தையும் திபெத்தியப் பீடபூமியையும் கடந்து செல்கிறது. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், சுமார் 3,000 மீட்டர் உயரத்திற்கு விரைந்து இறங்க வேண்டும். பயணிகளுக்கான ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கே போதுமானது. பீடபூமியின் சராசரி உயரமோ சுமார் 4,500 மீட்டர். ஆதலால் விமானங்கள் தெற்கே விலகி, மியான்மர், தென் சீனம் வழியாகச் செல்வதே வழக்கம். தொலைவு கூடினும் பாதுகாப்பு உறுதியாகிறது.

காற்றின் பங்கு

மேல் வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓய்ஷி 1920களில் பலூன்கள் மூலம் இத்தகைய வலிய மேற்காற்றை ஆராய்ந்தார். குளிர்காலத்தில் ஜப்பானின் மீது இது மிக வேகமாக வீசும்.

தடத்தின் நீளம் 6,000 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 100 கிலோமீட்டர் எனக் கொள்வோம். கிழக்கு நோக்கிச் செல்ல 6 மணி நேரமும், திரும்பி வர 7½ மணி நேரமும் ஆகும். மொத்தம் 13½ மணி. காற்றே இல்லையெனில் 13 மணி 20 நிமிடம் போதும். போகும்போது மிச்சமாகும் நேரம், வரும்போது ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. இழந்த ஒவ்வொரு நிமிடத்திற்கும் எரிபொருள் செலவாகிறது.

கடிகாரக் கணக்கு

இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையையும், ஜப்பானிய நேரம் 135 பாகை தீர்க்கரேகையையும் அடிப்படையாகக் கொண்டவை. 15 பாகைக்கு ஒரு மணி வீதம் இரண்டுக்கும் 3½ மணி வேறுபாடு உண்டு. டில்லியில் இரவு 9 மணிக்குப் புறப்பட்டு 7½ மணி நேரம் பறக்கும் விமானம், டோக்கியோவில் காலை 8 மணிக்கு இறங்கும். அங்குப் பகல் 11.30க்குப் புறப்பட்டு 9½ மணி நேரம் பறந்தால், டில்லியில் மாலை 5.30. கடிகாரங்களை மட்டும் ஒப்பிடுவோர் போக 11 மணி, வர 6 மணி என்று தவறாக எண்ணக்கூடும்.

தேசப்படத்தில் அளந்த தொலைவைக் கொண்டு மட்டும் கால அட்டவணை வகுத்தால், திரும்பும் பயணத்திற்கு எரிபொருள் கூடுதலாக ஏற்ற நேர்ந்து, சரக்கைக் குறைக்க வேண்டிய நிலை எழலாம். எனவே நிலப்பரப்பு, காற்று, நேர வேறுபாடு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறையான திட்டமிடலாகும்.