தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

வாக்குச்சீட்டு நம் கையில் இருப்பதால் நாம் ஜனநாயகத்தில் வாழ்கிறோம் என எண்ணுகிறோம். ஆனால் நாம் குடிக்கும் தண்ணீரின் விலையைத் தீர்மானிப்பவர் யார்? தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில், கொச்சபம்பா நகர மக்களின் அனுபவத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

நடந்தது என்ன?

கொச்சபம்பாவில் நெடுங்காலமாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை நிலவியது. அரச குழாய்நீர் எட்டாத இடங்களில் மக்கள் கூட்டாகக் கிணறு வெட்டி, குழு அமைத்து, நீரைப் பங்கிட்டு வந்தனர். தனியார்மயமாக்கும்படி உலக வங்கி வற்புறுத்தி வந்த நிலையில், 1999 இல் அரசு நகரின் நீர் விநியோகத்தை 40 ஆண்டுகளுக்கு ஒரு கம்பனிக் கூட்டிடம் ஒப்படைத்தது. அதில் முதன்மை வகித்தது அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம். கேள்விப்பத்திரம் சமர்ப்பித்ததும் அக்கூட்டு மட்டுமே. அதே ஆண்டில் வந்த புதிய சட்டத்தால், மக்கள் தாமே வெட்டிய கிணறுகளின் உரிமையும் கேள்விக்குள்ளானது. 2000 ஜனவரியில் பல வீடுகளின் கட்டணம் இரு மடங்காகியது.

தொழிலாளர், கமக்காரர், மாணவர், குடும்பப் பெண்கள் ஒன்றிணைந்து வீதிக்கு வந்தனர். மார்ச்சில் தாமே வாக்கெடுப்பு நடத்தினர். ஏறக்குறைய 50,000 பேர் வாக்களித்தனர். மிகப் பெரும்பாலானோர் ஒப்பந்தத்தை நிராகரித்தனர். அரசு அதனை ஏற்கவில்லை. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனமானது. 17 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். மக்கள் பின்வாங்கவில்லை. ஏப்ரல் 10 இல் அரசு இணங்கியது, கம்பனி வெளியேறியது.

சிந்திப்போம்

கம்பனி சர்வதேச நடுவர் மன்றில் 25 மில்லியன் டொலருக்குக் குறையாத நட்டஈடு கோரியது. கொச்சபம்பா மக்கள் அங்கு தமது பக்கத்தைச் சொல்ல விண்ணப்பித்தும் அனுமதி கிடைக்கவில்லை. பல நாடுகளில் எழுந்த கண்டனங்களின் பின், 2006 இல் 2 பொலிவியானோ என்ற பெயரளவுத் தொகையுடன் வழக்கு முடிந்தது.

பாராளுமன்றம் இருந்தது, தேர்தலும் இருந்தது. ஆயினும் வாழ்வாதாரம் பற்றிய முடிவு மக்களுக்கு எட்டாத இடத்தில் எடுக்கப்பட்டது. உள்ளீடற்ற ஜனநாயகம் என்பது இதுவே.

எனினும் வெற்றியோடு எல்லாம் தீரவில்லை. நீர்ச்சபை மீண்டும் பொது உடைமையான பின்பும் ஊழலும் சீர்கேடும் தொடர்ந்தன. நகரின் தெற்கே ஏழைகள் பவுசர் நீரை அதிக விலைக்கு வாங்கினர். அநீதியை அகற்றுவது பாதி வேலை. பொறுப்பை நாமே ஏற்று நேர்மையாக நடத்துவது மறுபாதி.

குழுவில் கலந்துரையாட

1. நமது ஊரின் குளம், கிணறு, காணி பற்றி முடிவெடுப்பவர் யார்? அது நமக்கு எப்போது தெரியவருகிறது?
2. நமது சங்கத்தின் கணக்கு எல்லோர் முன்னும் வாசிக்கப்படுகிறதா?
3. மிக வறிய குடும்பத்துப் பெண்ணின் சொல் நமது கூட்டங்களில் கேட்கப்படுகிறதா? இல்லையெனில் அடுத்த கூட்டத்தில் நாம் மாற்றப்போவது என்ன?