மனத்தெம்புக்கு எங்கே வேலை?

பெரம்பலூர் பக்கம் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக சொந்தபந்தம் வந்து இறங்கும். உட்கார்ந்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மனசை விட்டுடாத. பாதி வியாதி மனசுலதான் இருக்கு."

நம்பிக்கை: மனத்தெம்பு இருந்தால் நோய் தானாகக் குறையும்.

உண்மை: இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஜேம்ஸ் காய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்து 2007இல் முடிவை வெளியிட்டது. மனம் தெளிவாக இருந்தவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை. சோர்ந்து கிடந்தவர்கள் அதனால் சீக்கிரம் போய்ச்சேரவும் இல்லை. ஆகவே, நோய் முற்றியவரைக் காட்டி, "அவருக்குத் தைரியம் பத்தல, அதான்" என்று ஊர் பேசுவது வெறும் பழிச்சொல். கீமோ ஏற்றிய ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல் கிடப்பவரிடம் சிரித்த முகம் கேட்பது என்ன நியாயம்? அழுதால் அழட்டும். அழுவதால் கட்டி வளராது.

நம்பிக்கை: அப்படியானால் தைரியத்தால் பயனே இல்லை.

உண்மை: உண்டு, காலாகாலத்தில் ஆஸ்பத்திரி வாசல் ஏறுவதற்கு. மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் வீட்டில் வாய் திறந்து சொல்ல அது வேண்டும். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயமுறுத்துகிறவர்களை மீறிப் பயாப்சிக்குச் சம்மதிக்கவும் வேண்டும். பயாப்சியால் நோய் பரவுவது மிக மிக அரிது; அதைச் செய்யாமல் என்ன வகை நோய், என்ன மருந்து என்று முடிவு செய்ய முடியாது. கதிர்வீச்சு பெரும்பாலும் வாரம் ஐந்து நாள், பல வாரம் தொடரும், இடையில் விடக்கூடாது. சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் அந்த ஐந்து நாளுக்குள்தான் வரும். வேண்டுதலைச் சிகிச்சை முடிந்தபின் செலுத்தினால் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது 1954இல். இடையே 31 ஆண்டுகள். நான் தைரியம் என்பது இந்த மாதிரிப் பிடிவாதத்தைத்தான்.

நம்பிக்கை: வலியைப் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டும், வலி நிவாரண சிகிச்சை கடைசி நாளுக்கு.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு, வலி, மூச்சுத்திணறல், மனக்கலக்கம் ஆகியவற்றுக்கும் தொடக்கத்திலிருந்தே கவனிப்புப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது; சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். நம் ஊரில் படுத்த படுக்கையானவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விசாரிக்கும் வேலையை, ஆப்பிள் வாங்கி வந்தவர்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.